கேமராவில் இரண்டு பேர்

மாலை ஏழு மணி. மசாக்காவிலிருந்து கம்பாலா போகிற ரோட்டில் லுக்காயாவைத் தாண்டினால் லுவேரா சதுப்பு. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கோரை. வீடு கிடையாது, கடை கிடையாது, விளக்கு கிடையாது. மீன் விற்கிற பெண்கள்கூட இருட்டுவதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில், அந்த ரோட்டில், ஒரு வாடகை பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான் கயோங்கோ. வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பையன். லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று மசாக்காவில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு லாரி. முன்விளக்கு எரியவில்லை... ஹாரனும் இல்லை... அவ்வளவுதான்.

பைக் ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான். கயோங்கோவைக் கோரைக்குள்ளிருந்து இழுத்தார்கள். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. வாயிலும் மூக்கிலும் மட்டும் கறுப்புச் சேறு.

அந்தக் கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளு, நெருப்பு மங்குகிறது. உள்ளே ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து இன்னொரு பிணத்தின் கதையா என்று கேட்பீர்கள். விடியும்வரை விழித்திருக்கத்தானே வந்திருக்கிறோம்? நான் சொல்வதைக் கேட்ட பிறகு எவனுக்காவது தூக்கம் வந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இது என் நண்பன் செகிட்டோ எனக்குச் சொன்னது. நடந்தது அவனுடைய சித்தி மகன் லுட்டாயாவுக்கு. மசாக்கா வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன், லேப்டாப் எல்லாம் பழுது பார்க்கிறானே, அவன்தான். அலமாரி அகலத்தில் ஒரு கடை. நல்ல கைக்காரன். ஆனால் பயந்தாங்கொள்ளி. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

கயோங்கோவைப் புதைத்து ஒரு மாதம் இருக்கும். லுட்டாயா கடைக்கு ஒரு பெண்மணி வந்தாள். கயோங்கோவின் அத்தை. பெயர் நலுபோவா. அப்பா இல்லாத பையனை வளர்த்தவள் அவள்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, எங்க பையனோட லேப்டாப்பு உங்கிட்டதான இருக்கு?"

"ஆமாம்மா. மதர்போர்டு எரிஞ்சுபோச்சு. இனிமே அதைச் சரி பண்றது கஷ்டம்."

"சரி பண்ணச் சொல்லி நான் வரல. அதத் திறக்காதன்னு சொல்ல வந்தேன். அவனுக்கு இன்னும் ஒலும்பே உடைக்கல. யாரு வாரிசுன்னு எங்காளுங்க அடிச்சுக்கிட்டுக் கெடக்காங்க."

டவுனில் வளர்ந்த பயல்கள் நாலு பேர் இங்கே முழிக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். புதைத்துவிட்டால் சாவு போய்விடாது. அதற்கென்று ஒரு நாள் குறித்து, குலத்தார் கூடி, வீட்டு வாசலில் ஒருவனை நிறுத்தி, மரப்பட்டைத் துணி போர்த்தி, கையில் ஈட்டி கொடுத்து, செத்தவன் பெயரைச் சொல்லி, 'இனி இவன்தான் அவன்' என்று சொல்ல வேண்டும். அதுதான் ஒலும்பே உடைப்பது. அதுவரைக்கும் சாவு அந்த வீட்டு வாசலிலேயே நிற்கும். செத்தவனின் பொருளை ஒருவரும் பிரித்து எடுக்கக் கூடாது. அவன் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளக் கூடாது.

"வாரிசு நின்னதும் அவனே வந்து வாங்கிக்குவான்" என்றாள் அத்தை. "அதுவரைக்கும் நீ தொடாத. கேட்டுக்கிட்டியா?"

"தொடமாட்டேம்மா. சத்தியமா."

லேப்டாப்பை ஒரு பழைய துணியில் சுற்றி, மேல் தட்டில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்தான். அதோடு மறந்தும் போனான். மறந்தபடியே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

லுட்டாயாவுக்கு ஒரு தங்கை. நன்சுபுகா. மருத்துவச்சிப் படிப்பு, கடைசி வருடம். அந்தப் பெண்ணின் கை ராசியான கை என்று ஆஸ்பத்திரியில் பெயர் வாங்கியிருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றால் பெரிய நர்ஸே, "நன்சுபுகா எங்கே?" என்றுதான் கேட்பாளாம். படிப்பு இருக்கிறது, கை இருக்கிறது. லேப்டாப்தான் சரியில்லை.

லேப்டாப் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு குட்டி மெஷின். யாரோ வெள்ளைக்காரக் குழந்தை விளையாடித் தூக்கிப்போட்டது, நாலு கை மாறி இவளிடம் வந்தது. பட்டனை அழுத்திவிட்டுப் போய், வாழைக்காய் உரித்து, இலையில் கட்டி, அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே டிஸ்க் கடக்... கடக்... என்று கிழவன் முட்டி மாதிரி சத்தம் போடும்.

கடைசிப் பரீட்சையை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். கேமரா எழுதுகிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும். அறையில் அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும். இன்னொரு முகம் தெரிந்தால் பரீட்சை ரத்து. போன தடவை அவள் பாதி எழுதும்போது மெஷின் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. கேமராவும் நின்றுவிட்டது. நடுவில் எழுந்து போய்விட்டாள் என்று கல்லூரியில் எழுதிக்கொண்டார்கள். அழுது, கெஞ்சி, இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். இதுவும் போனால் படிப்பே போயிற்று. ஊருக்குத் திரும்பி மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான்.

வேறு லேப்டாப் கடன் வாங்கலாமே என்று கேட்காதே, முவோன்ஜே. எந்த மெஷினில் எழுதப்போகிறாள் என்று கல்லூரி முன்பே பதிவு செய்து வைத்திருந்தது. அந்தச் சனியனில்தான் எழுதியாக வேண்டும்.

பரீட்சைக்கு முதல் நாள் காலையில் அண்ணன் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, இத எப்படியாவது ஓட வை. நாளைக்கு மட்டும் ஓடுனாப் போதும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள்.

லுட்டாயா வேலையில் இறங்கினான். அடிமூடியைக் கழற்றினான். உள்ளே நம்ம ஊர்ச் செம்மண் ஒரு தட்டு, செத்த கரப்பான்பூச்சி ஒரு குடும்பம். எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டி, ஊதி எடுத்தான். ஃபேனுக்கு எண்ணெய் வைத்தான். சூடு வாங்குகிற இடத்தில் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். பிறகு மெஷினுக்குள் போனான். ஆன் செய்த உடனே தானாக எழுந்துகொள்கிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தது... இரண்டு பெண்டாட்டிக்காரன் வீடு மாதிரி ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு. ஒன்றை அனுப்பிவைத்தான். திரையின் மினுக்கல் குலுக்கல் எல்லாவற்றையும் அணைத்தான்.

மெஷின் தேவலை. வட்டம் பாதி நேரம்தான் சுற்றியது. ஆனால் கேமராவையும் பரீட்சையையும் சேர்த்துத் திறந்ததும்... கடக்... கடக்... மறுபடி உறைந்துவிட்டது.

"ரேம் பத்தல" என்றான் லுட்டாயா. "டிஸ்க்கும் கிழடு. ரெண்டையும் மாத்துனாத்தான் உண்டு. இந்தப் பழைய வகை ரேம் இங்க எவன்கிட்டயும் இல்ல. கம்பாலாலதான் கெடைக்கும்."

"போய் வாங்கிட்டு வா அண்ணா."

"எப்படிப் போறது? லுவேராவுல தண்ணி ரோட்டு மேல ஏறி நிக்குது. நேத்துலருந்து ஒரு வண்டி போகல."

அவள் முந்தானை மாதிரி தொங்கிய துணி ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள். அவள் அழுததை லுட்டாயா பார்த்துவிட்டான். தங்கை அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்த அண்ணனால் முடியும்? நிமிர்ந்தான். மேல் தட்டில் அந்தத் துணிப் பொட்டலம்.

அவனை நான் திட்டவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. 'மதர்போர்டுதான் எரிஞ்சது. ரேமும் டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கும். பரீட்சை முடிஞ்சதும் திரும்ப மாட்டி வெச்சுடுவேன். யாருக்குத் தெரியும்?' இப்படித்தான் மனம் பேசும்.

கழற்றினான். ரேம் அதே வகை. டிஸ்க்கோ சுற்றாத புது வகை, சத்தமே போடாதது. அதில் இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்து அழித்துவிட்டு, புதிதாக எல்லாம் ஏற்றி, தங்கையின் மெஷினில் பொருத்தினான். பட்டனை அழுத்தினான்.

கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது.

நன்சுபுகா சாப்பாட்டோடு திரும்பி வந்து பார்த்தவள், கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். பரீட்சையைத் திறந்தாள், கேமராவைத் திறந்தாள், பாடப் புத்தகத்தையும் திறந்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. "எங்கேர்ந்துண்ணா கெடைச்சுது?" என்று கேட்டாள்.

"இருந்தது" என்றான்.

மெஷின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சூடான காற்று வந்தது. அதில் ஒரு வாடை... சேற்று வாடை. அழுகிய கோரை வாடை. மழைக்காலம், எல்லாம் ஈரம் என்று சொல்லிக்கொண்டான். மனிதனுக்குச் சாக்கா கிடைக்காது?

சாயங்காலம் நன்சுபுகாவின் வாடகை அறையில் ஒத்திகை பார்த்தார்கள். ஒரே அறை, ஒரே கதவு. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி மேஜையில் உட்கார்ந்தாள். லுட்டாயா கேமராவில் விழாதபடி லேப்டாப்புக்குப் பக்கவாட்டில் நின்று திரையை எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. சரி.

அப்புறம் இன்னொரு கட்டம் விழுந்தது.

அவளுக்குப் பின்னால். வாசலில். ஆள் உயரத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில். கட்டத்துக்குள்ளே ஒன்றுமில்லை... திறந்த கதவு, அதற்கு வெளியே முற்றம், அவ்வளவுதான். திரையில் சிவப்பு எழுத்து ஓடியது. அறையில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். மற்றவர் வெளியேறவும்.

"கதவுல மாட்டியிருக்கிற என் கவுனப் பார்த்து ஏமாந்துருச்சு போல" என்று சொல்லிச் சிரித்தாள் நன்சுபுகா. கவுனை எடுத்தார்கள். கட்டம் போகவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினார்கள். போகவில்லை. கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் மேல், மரப்பலகையின் மேல், அதே உயரத்தில், அதே கட்டம்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேஜையை இழுத்து மூலையில் போட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் இப்போது வெறும் சுவர். கதவு கேமராவில் தெரியாது. திரையில் ஒரே ஒரு கட்டம். லுட்டாயா மூச்சை விட்டான்.

சப்...

ஈரச் செருப்பு தரையிலிருந்து பிரிந்து வருகிற சத்தம். கதவுப் பக்கமிருந்து.

சப்... சப்...

இரண்டாவது கட்டம் திரையின் ஓரத்தில் தலை காட்டியது. நகர்ந்தது. நன்சுபுகாவின் தோளுக்கு மேலே வந்து நின்றது. அறை முழுக்க அந்தச் சேற்று வாடை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, மிக மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா... இது யாரோட சாமான்?"

அதற்கு மேல் மறைக்க முடியுமா? சொன்னான். அத்தை வந்தது, சத்தியம் செய்தது, எல்லாவற்றையும்.

"கழட்டு."

"கழட்டுனா நாளைக்கு மெஷின் நின்னுரும்டி."

"கழட்டலன்னா இவன் நிப்பானே! ரெண்டு பேருன்னு காட்டும். அப்பவும் போச்சு!" என்றாள். "என்ன காரியம்ணா பண்ணி வெச்சிருக்க?"

லுட்டாயா போனை எடுத்தான். அத்தை நலுபோவாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுத்து, "யாரது?" என்றதும், கட் பண்ணிவிட்டான். என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். சொன்னேனே, பயந்தாங்கொள்ளி. அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லியிருந்தால் அவள் வழி சொல்லியிருப்பாள்.

வழி சொல்ல ஆள் இல்லாதபோது மனிதன் தானே வழி கண்டுபிடிப்பான். லுட்டாயாவும் கண்டுபிடித்தான்.

"ஒலும்பே உடையலன்னுதான வாசல்ல நிக்கிறான்? நாம உடைச்சிருவோம். ஒரு வாரிச நிறுத்திட்டா அவன் போயிருவான்ல?"

கேட்டீர்களா? குலம் வேறு, ஊர் வேறு. பெரியவர்கள் இல்லை, முரசு இல்லை. ரேம் மாற்றுகிற மாதிரி ஒலும்பே உடைக்கக் கிளம்பிவிட்டான்! கடைக்கு ஓடினான். வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காக அங்கே ஒரு லேப்டாப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நிஜமான மரப்பட்டைத் துணியில் தைத்தது. அதைப் பிளேடால் கீறிப் பிரித்து, ஒரு துண்டாக்கி எடுத்துக்கொண்டு வந்தான்.

இனி, நிற்பது யார்?

செத்தவன் ஆண். நிற்க வேண்டியதும் ஆண். இதற்குப் பெரியவர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த அறையில் ஆண் ஒருத்தன்தான் இருந்தான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வாசலைப் பார்த்தான். கால் நகரவில்லை.

"பரீட்சை உன்னோடது" என்றான். "நீயே நில்லு."

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் வாசலில், வெளியே பார்த்தபடி நின்றாள். தோளில் துணியைப் போர்த்தினான். ஈட்டிக்கு எங்கே போவது? சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"செத்தது கயோங்கோ" என்றான். "இதோ நிக்கிறதும் கயோங்கோ. இனி இவதான் அவன்."

"நிக்கிறேன்" என்றாள் நன்சுபுகா.

வாடை அந்த நொடியே போய்விட்டது. ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் லேப்டாப்புக்கு ஓடினார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பு எழுத்து இல்லை. பச்சை எழுத்து. அறையில் ஒருவர் இருக்கிறீர்கள். தொடரலாம்.

அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள். எழுத்தைத்தான் பார்த்தார்கள். கட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. நல்ல வெயில். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். நன்சுபுகா குளித்து, வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். லுட்டாயா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் தோள் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் திரை தெரிந்தது. திரையின் மூலையில் கேமரா படம், சின்னதாக.

பரீட்சை ஆரம்பித்தது. மெஷின் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கேள்வி வந்தது, பதில் போனது, அடுத்த கேள்வி வந்தது. லுட்டாயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றாகப் பார்க்கலாம் என்று கண்ணைச் சுருக்கி அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தான்.

படத்தில் நன்சுபுகாவின் முகம் தெளிவாக இருந்தது. நெற்றி, கண், மூக்கு, எல்லாம் தெளிவாக. அந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் இல்லை.

கட்டம் பக்கத்தில் இருந்தது. அவளுடைய இடது தோளுக்கு மேலே. வெறும் சுவரில்.

அவள் தலையைத் திருப்பினாள்... கட்டம் அசையவில்லை. அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டாள்... கட்டம் அசையவில்லை. பிறகு, அவள் ஆடாமல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, கட்டம் மட்டும் மெதுவாகக் குனிந்து, கேள்வியைப் படிக்கிற மாதிரி, திரைக்குக் கிட்டே வந்தது. கிட்டே வரவரப் பெரிதானது. அறையில் ஒருவர் இருக்கிறீர்கள். தொடரலாம்.

கத்த வேண்டும் என்று நினைத்தான். கத்தினால் பரீட்சை ரத்து. இத்தனையும் செய்தது அதற்காகத்தானே? வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பரீட்சை முடிகிறவரை பொத்திய கையை எடுக்கவில்லை. கையில் பல் பட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாஸ் பண்ணிவிட்டாள். நல்ல மார்க். ரிசல்ட் வந்த அன்று, கூடப் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்ததும் ஒவ்வொரு முகத்தின் மேலும் கட்டம் விழுமே, அவள் மேல் மட்டும் விழவில்லை. அதற்கு முன்பே அவளுடைய சொந்தப் போன் அவள் முகத்தைக் காட்டினால் திறப்பதை நிறுத்தியிருந்தது. சார்ஜ் ஏறவில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் அத்தை நலுபோவா வந்தாள். யாரோ கூப்பிட்டுப் பேசாமல் வைத்ததிலிருந்தே அவளுக்கு மனம் சரியில்லையாம். லுட்டாயா அவள் காலடியில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கழற்றிய சாமான்களைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துனது யார?"

"என் தங்கச்சிய."

"ஆம்பள செத்தா ஆம்பள நிக்கணும். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்ப நீ ஏண்டா நிக்கல?"

லுட்டாயா இதைச் செகிட்டோவிடம் சொல்லும்போது இந்த இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதானாம்.

"திருப்பிக் குடுத்துடறேம்மா. எல்லாத்தையும் பழையபடி மாட்டிக் குடுத்துடறேன்."

"சாமானத் திருப்பிக் குடுக்கலாம்" என்றாள் அத்தை. "நின்னவள எப்படித் திருப்பிக் குடுப்ப?"

அதற்குப் பிறகு கயோங்கோவின் குலத்தார் சண்டையை நிறுத்திவிட்டு, முறைப்படி நாள் குறித்தார்கள். முரசு அடித்து, விடிகிற நேரத்தில், அவனுடைய பெரியப்பா மகனை வாசலில் நிறுத்தினார்கள். துணி போர்த்தினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பெயருக்கு அவனால் வாயைத் திறந்து பதில் சொல்லவே முடியவில்லை. மூன்று பெரியவர்கள் மாறி மாறிக் கூப்பிட்டும் முடியவில்லை. அந்த இடம் காலியாக இல்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.

நன்சுபுகாவுக்கு வேலை கிடைத்தது. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிதான், பிரசவ வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், உங்கள் வீட்டிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கை ராசி அப்படியே இருக்கிறது.

போன மாதம் செகிட்டோவின் மனைவிக்கு அங்கேதான் பிரசவம். பட்டப்பகல். நன்சுபுகா இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவளை அங்கே கொண்டுபோனார்கள். செகிட்டோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வலி உச்சத்துக்குப் போன நேரம், அவள் போட்ட கூச்சல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"ஆம்பளைய எதுக்கு உள்ள விட்டீங்க? வெளிய போகச் சொல்லுங்க! நன்சுபுகா எங்க? நன்சுபுகாவக் கூப்பிடுங்க!"

மற்ற நர்சுகள் வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அறையில் எந்த ஆணும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு அவள் கால்மாட்டில் நின்றது நன்சுபுகாதான்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. மனைவி செகிட்டோவிடம் வாய் திறக்க ஒரு வாரம் ஆனது. தன் கால்மாட்டில் நின்றவன் ஒரு வாலிபன் என்றாள். குனிந்த தலை நிமிரவே இல்லை என்றாள். குழந்தையை வாங்கியது அவனுடைய கைகள்தான் என்றாள்.

நன்சுபுகாவின் குரலும் கேட்டதாம். முதலிலிருந்து கடைசிவரை கேட்டதாம், அதைப் பிடித்துக்கொண்டுதான் பெற்று முடித்தாளாம். ஆனால் அந்தக் குரல் பக்கத்திலிருந்து வரவில்லை. தூரத்தில், சாத்தியிருந்த கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"பயப்படாதீங்க அண்ணி... தள்ளுங்க... நான் இங்க வாசல்லதான் நிக்கிறேன்..."